சிக்காகோவில் இறங்கக்கூடாது

வண்டிக்குக் குறுக்கே மறிப்புத் தடி தெரிந்ததுமே பூரணி எழும்பிவிட்டாள். ஒரு கையில் அடையாள அட்டை, மறு கையில் தம்பி சின்னராசாவின் முழங்கை. வான் சரியாக நிற்குமுன்பே குதித்து, தலையைக் குனிந்துகொண்டு தடியை நோக்கி நடந்தாள். பின்னால் மற்றவர்களும் அட்டையும் கையுமாக வரிசையாக இறங்கினார்கள்.

"நில்லுங்க தங்கச்சி. எங்க போறீங்க?"

ஜமால்தீன் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"இது சிக்காகோ. இங்க செக்பொயின்ட் இல்ல. மியூசியத்துட வாசல். பஸ் நிக்கும், நீங்க சீட்டில இருந்தபடி சிரிக்கணும். அவ்வளவுதான்."

திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பின்னால், மூடிக்கிடந்த ஐஸ் பக்டரி முற்றம் அது. இரண்டு தார்ப்பீப்பாய்களுக்கு மேல் ஒரு மூங்கிலைப் போட்டுவிட்டு ஒத்திகைக்கு அதைத்தான் சிக்காகோ என்கிறார் மனிதர்.

ஆட்களைக் கள்ளமாக வெளிநாட்டுக்கு அனுப்புவது ஜமால்தீனின் தொழில். இந்தத் தடவை, அமெரிக்க நகரங்களைப் பார்க்கப்போகும் சுற்றுலாக் குழு என்று பெயர். போய்ச் சேர்ந்து நாலு இடம் பார்த்துவிட்டு, ஆளுக்கொரு திசையில் மறைந்துவிட வேண்டும்.

போன குழு அப்படித்தான் அமெரிக்காவரை போனது. அங்கே ஒரு காட்சிச்சாலை வாசலில் தடியைக் கண்டதும், ஊரில் ஆமி மறிக்கிற பழக்கத்தில், யாரும் சொல்லாமலே அத்தனை பேரும் இறங்கி, அட்டையை நீட்டியபடி வரிசையில் நின்றுவிட்டார்கள். காவலாளி ஒருவரைத் தனியே கூப்பிட்டு விசாரித்தான். அவர் அழுதுவிட்டார். அடுத்த விமானத்தில் எல்லாரும் ஊருக்கு.

"திரும்ப ஏறுங்க," என்றார் ஜமால்தீன். "ஒராள் பிழைவிட்டா எல்லாருக்கும் முடிஞ்சுது. விடிஞ்சாக் கொழும்புக்குப் போகணும். சின்னராசா, பொஸ்டன்ல புதுசா என்ன திறந்திருக்கான்?"

"கண்ணாடிக் குகை. தலைக்கு மேல சுறா நீந்தும்."

"நியூயோர்க்கில? கனகம்மா அக்கா சொல்லுங்க."

"பழைய போர்க்கப்பல். உள்ளுக்குப் போய்ச் சுத்திப் பாக்கலாமாம்." கனகம்மா வியர்வையைத் துடைத்தாள். "காசு குடுத்து ஆர் ராசா நேவிக்கப்பலுக்குள்ள போறது? இஞ்ச சும்மாவே கூட்டிக்கொண்டு போவாங்கள்."

வானுக்குள் சிரிப்பு எழுந்து, உடனே அடங்கியது.

"எல்லாரும் கடைசி சீட்டைப் பாருங்க," என்றார் ஜமால்தீன். "தம்பிராசாவைப் பாத்துப் படிங்க. நாலு தரம் வான் நிண்டுது. மனுசன் அசையவே இல்ல. அசல் அமெரிக்காக்காரன்."

பூரணி திரும்பிப் பார்த்தாள். மூதூர்க்காரன் என்று சொல்லிக்கொண்டு நேற்றுத்தான் வந்து சேர்ந்தவன். மணிக்கட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக மடியில் வைத்தபடி, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான்.

 மூதூரில் இருந்து லோஞ்ச் படகில் பட்டினத்துக்கு வருகிறவன் இறங்குதுறையிலும் சோதனை, சந்தியிலும் சோதனை என்று பார்த்துப் பார்த்து வருகிறவன். தடியைக் கண்டு எழும்பாத தமிழன் யார்? தடியைப் பிடித்திருப்பவர்களின் ஆளாக இருந்தால் ஒழிய.

"தம்பி, மூதூர் லோஞ்ச் இப்ப எத்தினை மணிக்கு வெளிக்கிடுது?" என்று அவனிடம் பேச்சோடு பேச்சாகக் கேட்டாள்.

அவன் தடுமாறினான். "காலமையிலதான்... எனக்கு வடிவாத் தெரியாது, அக்கா."

பக்கத்தில் இருந்த சின்னராசாவின் கையை இறுக்கிப் பிடித்தாள். சுற்றிவளைப்பில் ஆமிக்காரர்கள் அவனை இரண்டு தடவை பிடித்துக்கொண்டுபோய்த் திரும்ப விட்டிருந்தார்கள். மூன்றாவது தடவை விடமாட்டார்கள். இந்தக் கடைசி சீட்டுக்காரன் யாரென்று தெரியாமல் நாளைக்கு வானில் ஏறினால், கொழும்புக்குப் போகிற வழியிலேயே ஏதோ ஒரு சோதனைத் தடியில் தம்பி முடிந்துபோவான். ஏறாமல் விட்டாலும் ஊரில் அவனுக்கு நாள் இல்லை.

"சரி, தேத்தண்ணி குடிச்சிட்டு வாங்க," என்றார் ஜமால்தீன். எல்லாரும் விழுந்தடித்துக்கொண்டு நிழலுக்கு ஓடினார்கள்.

தம்பிராசா மட்டும் வரவில்லை. வானின் கொதிக்கிற தகரக் கூரைக்குக் கீழே, வியர்வை வழிய, அதே சீட்டில் அதே மாதிரி இருந்தான்.

"அக்கா, விடுங்கோ. போகாதேங்கோ," என்றான் சின்னராசா.

அவள் கேட்கவில்லை. வானுக்குள் ஏறித் தம்பிராசாவின் முன்னால் போய் நின்றாள்.

"உம்மை ஆர் அனுப்பினது?"

"விளங்கேல்லை, அக்கா."

"நடிக்காதையும். லோஞ்ச் வெளிக்கிடுற நேரம் தெரியாத மூதூர்க்காரன். தடிக்குப் பயமில்லாத தமிழன். எங்களைக் காட்டிக் குடுக்க வந்தனீர், என்ன? என்ர தம்பிக்கு ஏதும் நடந்தா உம்மை நான் சும்மா விடமாட்டன்."

அவன் யன்னலால் ஜமால்தீன் நிற்கிற பக்கம் ஒருக்கால் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"அவருக்குச் சொல்லிப் போடாதேங்கோ. தெரிஞ்சால் என்னைச் சேர்க்கமாட்டார். கனகாலத்துக்குப் பிறகு ஊருக்கு வந்து ரெண்டு கிழமைதான் ஆகுது."

"எங்கயிருந்து வந்தனீர்?"

அவன் மறுபடியும் ஜமால்தீன் பக்கம் பார்த்தான்.

"அதை விடும். எல்லாரும் இறங்கீட்டினம். நீர் ஏன் இன்னும் குந்திக்கொண்டிருக்கிறீர்?"

தம்பிராசா குனிந்து தன் மணிக்கட்டுகளைப் பார்த்தான்.

"சிறையில, நம்பர் கூப்பிடாமல் எழும்பினா அடிப்பாங்கள், அக்கா."