மோதிரம் போன வழி

“முழுங்கிட்டான்! தட்டுல இருந்த மோதிரத்தை இந்தப் பய முழுங்கிட்டான்!”

பாக்கியலட்சுமி போட்ட கூச்சலில் காஜா பெராங் தெருவே எட்டிப் பார்த்தது. அவள் மடியில் ஒன்றரை வயது மகன் தேவதாஸ் விரல் சூப்பிக்கொண்டிருந்தான்.

அளவு பார்க்க மோதிரம் கொண்டுவந்த மாப்பிள்ளையின் அம்மா ருக்மணி நெஞ்சில் கை வைத்தாள். இன்று புதன். வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தம்.

பாக்கியலட்சுமியின் மகள், மணப்பெண் ஜெயாவுக்கு மோதிரத்தைப் பார்த்தாலே எரிந்தது. சனிக்கிழமை கோலாலம்பூரில் ஆசிரியர் பயிற்சிக்கு அவளுக்கு நேர்முகத் தேர்வு. “மோதிரம் போட்ட பொண்ணு படி தாண்டக் கூடாது” என்று ருக்மணி சொல்லிவிட்டாள். அப்பா அப்பாசாமியும் தலையாட்டிவிட்டார். “அடுத்த மாசம் நாட்டுக்கே மெர்டேக்கா, சுதந்திரம்! எனக்கு மட்டும் மோதிரமா?” என்று ஜெயா கத்தியபோது அம்மா வாயே திறக்கவில்லை. அந்தக் கோபம் வேறு.

“ஐயோ, வயித்துல கரைஞ்சிடுமா?” என்றாள் ருக்மணி.

“கரையாது அத்தை. இரைப்பையில ஊறுற அமிலம் தங்கத்தை ஒண்ணும் பண்ணாது. அடுத்தது சிறுகுடல். பெரியவங்களுக்கு இருபதடி, இவனுக்குக் கம்மி. குடல் புழு மாதிரி நெளிஞ்சு தள்ளிக்கிட்டே போகும். அப்புறம் பெருங்குடல். அதுக்கப்புறம்…” என்று ஜெயா அடுக்கினாள்.

“போதும்டி!” என்றார் அப்பா.

“ஆஸ்பத்திரியில படம் பிடிச்சா தெரிஞ்சிடும்ப்பா.”

“பச்சைப் புள்ளைக்கு ஊசி போட்டுடுவாங்க!” அம்மா பிள்ளையை இறுக்கிக்கொண்டாள். “எத்தனை நாள்ல வரும், அதைச் சொல்லு.”

“ரெண்டு நாள்.”

“மூணு ஆகாதா? பால் பல்லுடி. மென்னுகூடத் தின்னிருக்க மாட்டான்.”

“மோதிரத்தை யாரும்மா மென்னு தின்பாங்க? சரி, மூணும் ஆகலாம்.”

“மூணாம்!” என்று அம்மா எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

மறுநாள் அப்பா பாசார் சந்தையிலிருந்து ஒரு சீப்பு பிசாங் மாஸ் வாழைப்பழம் வாங்கி வந்தார். “சளி பிடிக்கும்” என்று அம்மா அதை அலமாரி உச்சியில் வைத்துவிட்டாள். அப்பா குச்சியும் கையுமாகப் பிள்ளையின் பின்னாலேயே அலைந்தார். மூன்று முறை கிளறியும் கீரைதான் கிடைத்தது.

வெள்ளிக்கிழமை ருக்மணி வந்து நின்றாள். “வந்துச்சா?”

“இன்னும் வழியிலதான் இருக்கு” என்றாள் ஜெயா.

ருக்மணி முகம் சுளித்தாள். “அந்த வழியா வர்றதையா மருமக விரல்ல போடுறது? உருக்கிப் புதுசு செய்யணும். இனி ஆடி வேற. ஆவணியில பார்ப்போம்.”

அவள் போனதும் அப்பா பெருமூச்சு விட்டார். “நிச்சயம் ஆகலையே. யாரும் கேட்க முடியாது. நாளைக்குப் போய்ட்டு வா.”

சனிக்கிழமை காலை பஸ் வரும்வரை அம்மா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கூடவே நின்றாள்.

“மூணு நாளாச்சும்மா. எனக்கே இப்ப பயமா இருக்கு. அவனை டாக்டர்கிட்ட காட்டிடு.”

“பேசாம ஏறுடி.” அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே மோதிரம் பளபளத்தது.

“உன் பஸ் கிளம்பட்டும். தம்பிக்கு இப்ப வெளிக்கு வந்துடும்.”