ஒழுகும் அரங்கம்

"கூரை ஒழுகுறதுக்குக் காரணம் அமலாதான். ரிப்போர்ட்ல அதை மட்டும் எழுதிடுங்க, போதும்" என்றார் தலைவர் பரமசிவம்.

கூரையைச் சோதிக்க வந்த சிவதர்ஷினி இன்னும் ஏணியில்கூடக் கால் வைக்கவில்லை.

"முதல்ல பாத்துட்டு வரேன் லா, அங்கிள்" என்றாள்.

சிங்கப்பூர் ஜாலான் புசாரில் எங்கள் சங்கத்துக்குச் சொந்தமாக ஒரு மாடிக் கட்டடம். மேல் தளத்தில் அரங்கம். நான் சங்கச் செயலாளர். தலைவர் பேசும்போது தலையாட்டுவது என் முக்கியப் பொறுப்பு.

இரண்டு வருடமாக மழை பெய்தால் அரங்கத்தில் சொட்டுகிறது. போன மாதம் ஒரு நிச்சயதார்த்தத்தில் மாப்பிள்ளை தலையிலேயே சொட்டியது. தலைவர் அன்றைக்கே விசாரணையில் இறங்கிவிட்டார்.

துப்புரவு வேலை செய்யும் அமலா, மழை விட்டதும் மொட்டை மாடிக்கு ஓடுகிறார். அரை மணி நேரம் கழித்துத்தான் இறங்குகிறார். இது போதாதா? அங்கே துணி காயப்போடுகிறார், கொடி கட்ட ஆணி அடித்திருக்கிறார், அதனால்தான் ஓட்டை என்று தலைவர் தீர்ப்பே எழுதிவிட்டார். தலைவருக்கு முழங்கால் வலி, எனக்கு உயரம் என்றால் பயம். இரண்டு பேருமே மேலே போய்ப் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை செயற்குழுவில் அமலாவை வேலையிலிருந்து நிறுத்துவதாக முடிவு. பதினோரு வருடம் உழைத்த மனுஷி. ஆனாலும் தலையாட்டித் தொலைத்தேன்.

மேலே வழுக்கும், போக வேண்டாம் என்று அமலா சிவதர்ஷினியிடம் இரண்டு தடவை சொன்னார்.

"பாத்தீங்களா, பயம்" என்று தலைவர் என் காதைக் கடித்தார்.

மேலே போன பெண் லேசில் இறங்குவதாக இல்லை. விரிசலைக் கண்டால் சாக்பீஸால் வட்டம் போட்டு, எண் எழுதி, பக்கத்தில் அடிக்கோல் வைத்து ஒரு படம். தண்ணீர் போகும் துவாரத்துக்கு ஒரு படம். ஆல்பம் போடப் போகிறாளா என்று தலைவர் முணுமுணுத்தார்.

ஒரு வழியாக இறங்கி வந்து டேப்லெட்டை மேசைமேல் வைத்தாள். முப்பத்தெட்டுப் படங்கள். கொடியும் இல்லை, ஆணியும் இல்லை.

"தளம் நல்லாத்தான் இருக்கு, அங்கிள். எட்டு போல்ட் இறக்கின இடம்தான் பிரச்சினை. தண்ணி அது வழியாத்தான் இறங்குது."

"எந்த மடையன் போட்ட போல்ட்? பேரைச் சொல்லுங்க" என்றார் தலைவர்.

அவள் அடுத்த படத்தைக் காட்டினாள். இரண்டு வருடத்துக்கு முன், தலைவரின் அறுபதாம் கல்யாணத்துக்காக சங்கம் ஆள் வைத்து மொட்டை மாடியில் நிறுத்திய விளக்குப் பலகை. அதன் கால்களில்தான் அந்த எட்டு போல்ட்டும். மேலே இரண்டடி உயர எழுத்தில் 'பரமசிவம் அரங்கம்'.

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். பெயர் மாறவில்லை.

"இன்னொன்னு" என்றாள் சிவதர்ஷினி. ஒவ்வொரு போல்ட்டைச் சுற்றியும் பழைய துணியை இறுக்கிக் கட்டி, மேலே பிளாஸ்டிக் பை சுற்றியிருந்தது. பக்கத்தில் தண்ணீரை வழித்து ஊற்ற ஒரு வாளி. யாரோ ஒவ்வொரு மழைக்கும் துணியை மாற்றியிருக்கிறார்கள், இல்லாவிட்டால் சீலிங் எப்போதோ கீழே வந்திருக்கும் என்றாள்.

எல்லோரும் அமலாவைப் பார்த்தோம்.

"தெரிஞ்சும் ஏம்மா என்கிட்ட சொல்லல?" என்றார் தலைவர்.

அமலா துடைப்பத்தைக் கை மாற்றிக்கொண்டார்.

"சொன்னா போர்டைக் கழட்டிடுவாங்களே, சார். தினமும் சாயந்தரம் எதிர் பஸ் ஸ்டாப்புல நின்னு, அதை ஒரு தடவை அண்ணாந்து பாத்துட்டுத்தானே வீட்டுக்குப் போறீங்க."