சயாம் ரயில்பாதையில் ஒரு முகம்

இரண்டாம் உலகப் போரில் சயாம் ரயில்பாதை போட ஜப்பானியர் பிடித்துப்போன தமிழ்க் கூலிகளின் கதை, பாணேர் பகுதியில் ஓர் அனிமேஷன் ஸ்டுடியோவில் படமாகிக்கொண்டிருந்தது. படம் வரையும் நீலாவின் கொள்ளுத்தாத்தாவும் மலேயாத் தோட்டத்திலிருந்து அந்தப் பாதைக்குப் போனவர்தான். ஃபிரேம் போட்ட அவருடைய போட்டோ அவள் மேஜையில் இருந்தது.

"மீசையும் தலைப்பாகையுமா என்ன கம்பீரம்! ஹீரோவுக்கு இந்த முகத்தையே வெச்சிடு நீலா," என்றார் டைரக்டர் விச்சு.

"ஸ்கேன் பண்ணிப் பாக்கறேன் சார்."

மூன்றாம் நாள் காட்சி தயாரானது. விச்சு ஆவலாகத் திரைமுன் உட்கார்ந்தார். ஸ்லீப்பர் கட்டை சுமந்துவந்த ஹீரோவுக்கு அந்த முகம் இல்லை. பின்னால் வந்த கூலிகளிடம் தேடினார். காலராவில் சுருண்டு கிடந்தவர்களிடமும் தேடினார்.

"எங்கம்மா உன் கொள்ளுத்தாத்தா? விட்டுட்டியா?"

"வருவார் சார், பாருங்க."

ஹீரோ தடுமாறி விழுந்தான். அவன் முதுகில் பிரம்பு இறங்கியது. அடித்த கங்காணி மெல்லத் திரும்பினான். அதே மீசை, அதே தலைப்பாகை.

"அரே! சொந்தத் தாத்தாவைப் போய் இப்படியா வரைவே?"

நீலா போட்டோவை நீட்டினாள். அதற்கு இப்போது ஃபிரேம் இல்லை.

"ஸ்கேன் பண்ணக் கழட்டினேன் சார். கீழ்ப்பாதியைப் பின்னால மடிச்சு ஃபிரேம் போட்டிருக்காங்க. இத்தனை வருஷமா வீட்டுல யாரும் பிரிச்சதே இல்ல."

விச்சு மடிப்பைப் பிரித்தார். கொள்ளுத்தாத்தாவின் கையில் பிரம்பு இருந்தது. அவர் காலடியில் குந்தியிருந்த பத்துப் பேரில் ஒருவர்கூட கேமராவைப் பார்க்கவில்லை. பிரம்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.