மூணாவது லிங்க்

லிங்க் அனுப்பினா திறந்துகூடப் பார்க்காம 'அருமை'ன்னு போட்டுட்டுப் போற மகராசன்களா, கொஞ்சம் நகர்ந்து உட்காருங்க. இன்னிக்கு உங்க கட்சிக்காரன் ஒருத்தனைப் பத்திதான் பேச்சு.

கூட்டாளிங்க அவனுக்கு வச்ச பேரு லிங்க் மன்னன். காலேஜை ரெண்டாவது வருஷத்தோட விட்டாச்சு. இப்ப வேலை, சமூகத்தைத் தட்டி எழுப்புறது. வெள்ளிக்கிழமை தவறாம அவனோட ப்ளாக்ல 'இந்த வாரம் படிச்சே ஆகணும்'னு வறுமையைப் பத்தி அஞ்சு லிங்க் போடுவான். ஒவ்வொண்ணுக்கும் கீழ ஒரு வரி. 'நெஞ்சை உலுக்கியது.' 'தூக்கம் போச்சு.' இவன் தூங்கி எழுந்திருக்கிறதே பத்து மணிக்கு, அது வேற விஷயம்.

அஞ்சையும் படிப்பானான்னு கேட்காதீங்க. தபால்காரர் என்ன, லெட்டரைப் பிரிச்சுப் படிச்சிட்டா குடுக்கிறாருன்னு திருப்பிக் கேட்பான்.

இருக்கிறது அக்கா வீடு. அக்கா ரெடிமேட் கம்பெனியில சட்டைக்குக் காலர் தைக்கிறவ. தைக்கிறவங்க உள்ள போன் கொண்டு போகக் கூடாது. அதனால அவ போன் பகல் பூரா வீட்லதான். அந்தப் போன்ல ஒரு நாளைக்குன்னு வர்ற நெட்லதான் தம்பி உலகத்தோட கண்ணைத் திறந்துக்கிட்டிருந்தான்.

சாயங்காலம் ஏழு மணிக்கு அதே போன்ல அக்காவுக்கு ஒரு வகுப்பு. ரெண்டு மாசம் படிச்சு முடிச்சா, மெஷினை விட்டு எழுந்து சூப்பர்வைசர் ஆகலாம். ஆனா ஏழு மணியானா திரையில வட்டம்தான் சுத்தும். மூணு வகுப்பு அப்படியே போச்சு. இன்னும் ஒண்ணு போனா பேரை எடுத்துடுவாங்க. ஏன்டா சுத்துதுன்னு அவ கேட்டப்பல்லாம், டவர் சரியில்லன்னு சொல்லுவான். டவர் பாவம், வாயில்லா ஜீவன்.

இந்த வெள்ளிக்கிழமை மூணாவது லிங்க், பேர் சொல்லாத யாரோ எழுதினது. தலைப்பு 'ஏழு மணிக்கு ஏழையாகிற வீடு'. இதுக்கு மேல என்ன வேணும்? 'கண் கலங்காம படிக்க முடியாது'ன்னு எழுதிட்டுப் பல் தேய்க்கப் போயிட்டான்.

மத்தியானம் பார்த்தா ப்ளாக் பத்திக்கிச்சு. வழக்கமா பதினோரு லைக் விழற இடத்துல ஆயிரத்துச் சொச்சம். எல்லாரும் அந்த மூணாவது லிங்க்கைப் புடிச்சுக்கிட்டு, அதுல வர்ற தம்பி ஒருத்தனைத் திட்டித் தீர்க்கிறாங்க. ஊரோட ஒத்துப் போகணுமில்ல, இவனும் ஒரு வரி சேர்த்தான்: 'அந்தத் தம்பி கன்னத்துல நாலு அறை விடணும்.' அதுக்கு மட்டும் இருநூறு லைக். அப்புறம் ஒவ்வொருத்தருக்கா நன்றி சொல்லிச் சொல்லியே பொழுது சாஞ்சுது.

ஆறரைக்கு ஒரு வாசகர் கேட்டாரு, அந்தத் தம்பி நடத்துற ப்ளாக் எதுன்னு தெரியுமா தோழர்னு. அவனுக்கு ப்ளாக் வேற இருக்கான்னு, அப்பதான் லிங்க்கைத் திறந்தான்.

'நான் காலர் தைக்கிறவ. என் தம்பி ஏழைங்களுக்காக உருகுவான். தங்கமான பையன். ஆனா அவன் உருகி முடிக்கிறதுக்குள்ள என் போன்ல நெட் தீர்ந்துடும்...'

யாரும் அறையாமலே கன்னம் ரெண்டும் சுட்டுச்சு.

கதவு திறந்துச்சு. அக்கா. மூச்சிரைக்க ஓடி வந்திருக்கா. பயந்து போய்ப் பார்த்தான், முகத்துல கோபமே இல்ல. சாப்பாட்டு நேரத்துல சூப்பர்வைசர் மேடம் அவங்க போன்ல இவன் ப்ளாக்கைக் காட்டினாங்களாம்.

சிரிச்சுக்கிட்டே தன் போனை எடுத்தா. வட்டம் சுத்துச்சு. மணி ஆறு ஐம்பது. இன்னிக்கு நிஜமாவே டவர்தான் போலன்னு அவளே சொல்லிக்கிட்டா.

அவன் அக்கா கையைப் புடிச்சு இழுத்துக்கிட்டு, கீழ சலூனுக்கு ஓடினான். வைஃபை பாஸ்வேர்டைப் பெத்த பிள்ளைக்கும் சொல்லாத ஆளு சலூன்காரர். இவன் கெஞ்சின கெஞ்சல்ல, முடி வெட்ட வர்றவங்களுக்குத்தான்னு முனகிக்கிட்டே அக்காவைச் சுழல் நாற்காலியில உட்கார வச்சு, அவரே போட்டுக் குடுத்தாரு. ஏழுக்கு ஒரு நிமிஷம் இருக்கும்போது வகுப்புல அவ பேரு விழுந்துச்சு.

டீச்சர் இன்னும் வரல. அக்கா எதிர்ல இருந்த கண்ணாடியில தம்பியைப் பார்த்தா.

"அண்ணா, இவனைப் பத்தி நான் குறையா எழுதியிருந்தேன்," சலூன்காரர்கிட்ட சொன்னா. "இவன் என்ன பண்ணியிருக்கான் தெரியுமா? அதைப் படிச்சிட்டு, எல்லாரும் படிங்கன்னு இவனே போட்டிருக்கான். நாலு அறை விடணும்னு தன்னைத்தானே திட்டி வேற எழுதியிருக்கான். எந்தத் தம்பிண்ணா இப்படிச் செய்வான்?"

கத்தரி நின்னுது. முகம் பூரா நுரையோட உட்கார்ந்திருந்தவர்கூடத் திரும்பிப் பார்த்து, நல்ல பிள்ளையா வளர்த்திருக்கேம்மான்னாரு.

"காலையில உன்னைப் பத்தி நல்லதா ஒண்ணு எழுதறேன்டா," அக்கா சொன்னா. "சூப்பர்வைசர் மேடம்கூட உன்னைப் பார்க்கணுமாம்."

வாயை மூடிக்கிட்டா இவன்தான் ஹீரோ. யாருக்கும் தெரியப் போறதில்ல. கண்ணாடியில அக்கா இன்னும் சிரிச்சுக்கிட்டிருந்தா.

"எழுதாதக்கா. இன்னிக்கும் நெட்டைத் தீர்த்தவன் நான்தான். ஆறரை மணி வரைக்கும் நீ எழுதினதை நான் படிக்கவே இல்ல. தலைப்பை மட்டும் பார்த்துட்டுப் போட்டேன்."