கையெழுத்துக்கு முன் ஒரு டம்ளர்

குப்பைமேட்டின் நிலத்தடி நீர் சுத்தமாகிவிட்டது என்று கையெழுத்துப் போடுகிற ஆணையர், அங்கிருக்கும் அடிபம்புத் தண்ணீரை ஒரு டம்ளர் குடித்துவிட்டுத்தான் பேனாவைத் தொட வேண்டும். அதுதான் சட்டம். இதுவரை வந்தவர்கள் எல்லோரும் டம்ளரைப் பார்த்ததுமே 'இன்னும் சுத்தமாகவில்லை' என்று எழுதிவிட்டுக் காரில் ஏறினார்கள். அப்படி எழுதியதாலேயே அரசு குப்பையை அள்ள மேலும் லாரிகளை அனுப்ப வேண்டியதாயிற்று. மேடு கரைந்து கரைந்து, இந்த வருடம் அங்கே புல் முளைத்திருந்தது.

டம்ளரை நிரப்பிக் கொடுப்பது பம்புக்கு எதிர்வீட்டு எஸ்தர். புது ஆணையர் சங்கமித்ரா அதை வாங்கி ஒரு வாய் குடித்தார்.

"இது கேன் தண்ணிதானே?"

எப்போதும் எஸ்தர் கேன் தண்ணீரைத்தான் ஊற்றி வைத்தாள். யாரும் வாயில் வைக்காததால் வெளியே தெரியவில்லை.

"வந்தவங்களுக்குப் போயி இந்தத் தண்ணிய எப்படிம்மா குடுக்கிறது? எங்க தெருவுல யாரும் குடுக்க மாட்டோம்."

"நீங்க அடிங்க. நான் பிடிச்சுக்கிறேன்."

எஸ்தர் அடித்தாள். பழுப்பாகவே பார்த்துப் பழகிய பம்பிலிருந்து, வெயில் ஊடுருவித் தெரியும்படி தண்ணீர் விழுந்தது. ஆணையர் அண்ணாந்து, கடைசிச் சொட்டுவரை குடித்தார். உதவியாளர் பேனாவை நீட்டினார்.

"இருங்க," என்று ஆணையர் டம்ளரை மறுபடியும் பம்புக்கு அடியில் பிடித்தார். "என்னா வெயில்! இன்னும் தாகம் அடங்கல."