பத்தாவது ஆள்

ஒன்றரை மாதமாக நடந்த தடுப்பூசி முகாமை இன்று மூன்று மணியோடு மூட வேண்டும். மணி இரண்டு நாற்பது. பள்ளிக்கூட அறையில் வெல்டரையும் சேர்த்து ஒன்பது பேர் காத்திருக்க, நர்ஸ் மட்டும் அசையவே இல்லை.

கடைசி மருந்துக்குப்பி அவள் கையில்தான் இருந்தது. ஒரு குப்பியில் பத்துப் பேருக்கு மருந்து. திறந்துவிட்டால் மிச்சம் வைக்க முடியாது. வீணாக்கினால் மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். பத்துத் தலை சேராமல் திறக்க மாட்டேன் என்று கறாராகச் சொல்லிவிட்டாள்.

வெல்டர் எழுந்துவிட்டான். எடை குறைவாகப் பிறந்த மகள், பன்னிரண்டு நாளாக ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறாள். கொள்ளைநோய்க் காலம். ஊசி போட்ட சீட்டு இல்லாமல் அப்பனையே வார்டுக்குள் விட மாட்டார்கள். அடுத்த முகாம் ஒரு மாதம் கழித்துத்தான்.

"இருபது நிமிஷம் குடுங்க சிஸ்டர், ஆளோட வரேன்."

ஓட்டமென்றால் அப்படி ஓர் ஓட்டம். சலூன்காரர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். சைக்கிள் கடைக்காரர் இருமிக்கொண்டே தனக்கு நோயே வராது என்றார். மாடிவீட்டு அண்ணி கதவைத் திறக்காமலே துரத்தினாள். எல்லார் வாயிலும் ஒரே பேச்சு. ஊசி போட்டால் கை விளங்காமல் போய்விடுமாம். டெய்லர் மாஸ்டர் சொன்னாராம்.

அளவெடுக்கிற சாக்கில் தெருவுக்கே வைத்தியம் சொல்கிறவர் மாஸ்டர். நோயைவிட வேகமாக அவர் பேச்சுதான் பரவியிருந்தது.

வெல்டர் நேரே அவர் கடைக்கே போய் நின்றான். மாஸ்டர் துணியை வெட்டிக்கொண்டே ஆரம்பித்தார். அந்தக் காலத்தில் அம்மை ஊசி வந்தபோது, போட்டவனுக்கு மாட்டுக்கொம்பு முளைக்கும் என்று எச்சரித்தார்களாம்.

"கொம்பு எங்க முளைச்சுது மாஸ்டர்? அம்மைதான் ஒழிஞ்சுது" என்றான் வெல்டர், மூச்சு வாங்க.

உள்ளே காஜா எடுத்துக்கொண்டிருந்த அவர் மனைவி ஊசியை நூல்கண்டில் குத்திவிட்டு எழுந்து வந்தாள்.

"பொண்ணு யாரு சாயல் தம்பி?"

"இன்னும் பார்க்கவே இல்லைக்கா."

"வா, போகலாம்."

மாஸ்டர் பதறிப்போனார். கை விளங்காமல் போய்விடும் என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடிவந்தார். வெல்டர் முன்னால், அக்கா நடுவில், கழுத்தில் டேப் பறக்க மாஸ்டர் கடைசியில். தெருவே வாசலுக்கு வந்துவிட்டது.

இரண்டு ஐம்பத்தெட்டு. அக்கா பத்தாவது நாற்காலியில் உட்கார்ந்தாள். மாஸ்டர் அறை வாசலை மறித்து நின்று, உயிர்மேல் ஆசையிருந்தால் எழுந்து ஓடுங்கள் என்று பொரிந்து தள்ளினார். இரண்டு பேர் எழுந்தேவிட்டார்கள். வெல்டர் அவர்கள் கையைப் பிடித்துக் கெஞ்சினான்.

"என்னைக் கொன்னு போட்டாலும் இந்த ஊசியைப் போட்டுக்க மாட்டேன்" என்றார் மாஸ்டர்.

நர்ஸ் பதிவேட்டின் முதல் பக்கத்தைத் திருப்பி அவர் பக்கம் நீட்டினாள்.

"உங்களுக்கு எதுக்குங்க இன்னொண்ணு? முகாம் தொடங்கின அன்னிக்கு முதல் ஆளே நீங்கதானே. ரெண்டாவதும் போன வாரம் போட்டாச்சு. யாருக்கும் தெரிய வேணாம்னீங்க, நானும் இத்தனை நாள் வாயைத் திறக்கலை."

எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள். குப்பி திறந்தது. முதல் ஊசி வெல்டருக்கு. அழுத்திப் பிடித்த பஞ்சை எறியக்கூட மறந்து, சீட்டோடு ஆஸ்பத்திரியைப் பார்க்க ஓடினான்.

அக்கா நர்ஸிடம் இடது கையை நீட்டியபடியே புருஷன் பக்கம் திரும்பினாள்.

"கத்தரி பிடிச்சுக் கை வலிக்குதுன்னு போன வாரம் மூணு நாள் என்னைத் தைலம் தேய்க்க வெச்சீங்களே. இடது கையில எந்தக் கத்தரியைப் பிடிச்சீங்க?"