முன்பல்

"பேத்திக்குப் பல்லு முளைக்கற நேரத்துல உனக்கும் முளைக்கணுமா?"

டாக்டர் எதிரிலேயே மகள் கேட்டுவிட்டாள். அம்மா காதில் விழாத மாதிரி நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தாள்.

மகளுக்கு ஆத்திரம் ஆறவில்லை. "என் கல்யாணத்தப்பவே கெஞ்சினேன் டாக்டர், அந்த முன்பல் ஓட்டையை அடைச்சுக்கோன்னு. முடியவே முடியாதுன்னுட்டா. ஆல்பம் முழுக்க ஓட்டைச் சிரிப்பு! இப்ப இவ தம்பி எங்க வீட்டோட வந்து இருக்கப் போறார்னதும் புதுப் பல்லு கேக்குது. மாமா என்ன பொண்ணு பாக்கவா வர்றார்?"

டாக்டர் சிரித்தார். "எப்படிம்மா போச்சு?"

"தம்பி அடிச்ச பந்து. அப்ப அவன் பொடிப்பயல். நான் அழல, அவன்தான் ஊரைக் கூட்டினான்." அம்மாவின் முகம் மலர்ந்தது. "மறுநாள் அவனோட பால்பல் விழுந்துச்சு. ஓடி வந்து என் கையில வெச்சு, 'இதை ஒட்டிக்கோக்கா'ன்னான். அதனாலதான் ஓட்டை இருக்கட்டும்னு விட்டேன். கண்ணாடி பாக்கறப்பல்லாம் அவன் முகம் வரும்."

"இப்ப மட்டும் கசந்துடுச்சாக்கும்!" என்றாள் மகள்.

டாக்டர் இடையில் புகுந்தார்.

"கழட்டி மாட்டற பல்லே போதுமேம்மா. இம்பிளான்ட்னா எலும்புல திருகாணி முடுக்கணும். அது பிடிச்சு நிக்க மாசக்கணக்கா ஆகும்."

"கழட்டற பல்லு வேணவே வேணாம் டாக்டர். இழுத்தாலும் வரக்கூடாது."

மகள் தலையில் அடித்துக்கொண்டாள். அதோடு விட்டாளா அம்மா? பல் வேலை முடிகிறவரை தம்பி வரவேண்டாம் என்றும் சொல்லிவிட்டாள். கூடப் பிறந்தவரைவிட அழகு பெரிதாகிவிட்டதே என்று மகளுக்கு மனசு விட்டுப்போயிற்று.

ஒருவழியாகப் பல் வந்தது. மாமாவும் வந்தார். பெற்ற பிள்ளையையே 'யாரு சார் நீங்க?' என்று கேட்கிற அளவுக்கு மறதி முற்றியிருந்தது.

யாரையும் பார்க்காமல் நேராக அக்காவிடம் போனார்.

"அக்கா, ரத்தம் நின்னுடுச்சா? பல்லு போச்சா? அம்மாகிட்ட சொல்லிடாதேக்கா..."

அம்மா ஈயென்று இளித்துக் காட்டினாள். "எங்கடா போச்சு? நல்லா பாரு."

மாமா தொட்டார். ஆட்டினார். பிடித்து இழுத்தும் பார்த்தார். அசையவில்லை.

"உடையலையா!" கைதட்டிச் சிரித்தார்.

மகள் அம்மாவின் அருகே வந்தாள். அம்மா குரலைத் தாழ்த்தினாள்.

"போன தடவை அவன் வீட்டுல போய்த் தங்கினேன்ல? தினமும் காலைல அவனுக்கு அது இப்பத்தான் நடந்த மாதிரி. என் ஓட்டையைப் பாத்துப் பாத்துத் தேம்பித் தேம்பி அழுதான்டி. நான் ஆசையா வெச்சிருந்தது அவனைக் கொல்லுதே, எப்படி வெச்சிருப்பேன்?"

மாமா அக்காவின் கையைப் பிடித்து இழுத்தார்.

"அப்ப என் பல்லைத் திருப்பிக் குடு!"

அம்மா பீரோவைத் திறந்தாள். பழைய கம்மல் டப்பாவில் அது பத்திரமாக இருந்தது.